கதிர்வீச்சு என்று எதைச் சொல்கிறோம்?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் உச்சியில் தொலைபேசிக் கம்பனி அன்டெனா பூட்டப் போகிறது என்று தெரிந்தால், அங்கே குடியிருப்பவர்கள் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். "ரேடியேஷன் வரும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம்" என்பதுதான் முதல் வார்த்தை. அதே குடும்பங்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய், பட்டம் விட உச்சிவெயிலில் தொப்பி கூட இல்லாமல் நிறுத்திவைக்கும். வெயிலும் கதிர்வீச்சுத்தான். இந்த இரண்டில் தோலையும் கண்ணையும் கெடுக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது வெயில்.

பிள்ளைகளை நினைத்துப் பயப்படும் தாய் தகப்பனை நான் குறை சொல்லவில்லை. கவலைப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் ‘ரேடியேஷன்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மிக வேறுபட்ட பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. மகரகமையில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிகிச்சை, கைத்தொலைபேசியின் சமிக்ஞை, அடுப்புத் தணலின் சூடு, செர்னோபில் அணு உலை விபத்தில் கொட்டிய நஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஏதோ ஒன்று ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வெளியே பரவுகிறது என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்லும். புறப்பட்டது எது, எவ்வளவு, உடம்பில் பட்டால் என்ன செய்யும் என்பதை நாம்தான் தனித்தனியாகக் கேட்டு அறிய வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இலத்தீனில் ‘ராதியுஸ்’ என்று ஒரு சொல் உண்டு. கம்பு, கோல் என்று அதற்குப் பொருள். வண்டிச் சில்லின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஆரக்காலுக்கும் அதே சொல்தான். சூரியனிலிருந்து எல்லாத் திக்கிலும் புறப்படும் ஒளியையும் உரோமர்கள் அப்படியே அழைத்தார்கள். கதிர் வீசுவதைச் சொல்ல ‘ராதியாரே’ என்ற வினையும், அதிலிருந்து ‘ராதியாத்தியோ’ என்ற பெயரும் உண்டாயின. 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. அப்போது ஒளி வீசுவது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை, பயமும் இல்லை.

அந்த இலத்தீன் சொல்லின் பிள்ளைகளை நாம் தினமும் கையாளுகிறோம். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள கோட்டை ஆங்கிலத்தில் ‘ரேடியஸ்’ என்றும் நம் பாடசாலைக் கணிதத்தில் ‘ஆரை’ என்றும் சொல்கிறோம். சில்லின் ஆர் அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. முன்கையில் பெருவிரல் பக்கமாக ஓடும் எலும்புக்கும் ஆரை என்றே பெயர். வாகனத்தின் ரேடியேட்டர், மேரி கியூரியின் ரேடியம், வீட்டிலிருந்த ரேடியோ எல்லாம் ஒரே குடும்பம். கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பி, 1925 டிசம்பர் 16இல் ஒழுங்கான வானொலிச் சேவை தொடங்கியபோது, நகரத்தின் மேல் பரவியதும் இதே பொருளில் கதிர்வீச்சுத்தான். நூறு வருடமாக அது நம் வீடுகளுக்குள் வந்து போகிறது. முள்ளங்கியைக் குறிக்கும் ‘ரடிஷ்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. வேர் என்று பொருள்படும் ‘ராதிக்ஸ்’ அதன் மூலம்.

தமிழில் ‘கதிர்’ சூரியனுக்கும் உண்டு, நெல்லுக்கும் உண்டு, நூல் நூற்கும் கருவிக்கும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் வெப்பம் பரவும் மூன்று வழிகளைப் படித்தவர்களுக்குக் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்ற வரிசை மறக்காது. அந்தக் கதிர்ப்புத்தான் பத்திரிகையில் கதிர்வீச்சு. சில அணுக்கள் தாமாகவே உடைந்து கதிர்களை வெளிவிடும் தன்மைக்கு நம் நூல்களில் கதிர்த்தொழிற்பாடு என்று பெயர். தமிழ்நாட்டு நூல்களில் கதிரியக்கம். கதிர்ப்பு வேறு, கதிர்த்தொழிற்பாடு வேறு என்பதை இங்கேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கதிர்த்தொழிற்பாடு ஒரு பொருளின் குணம். கதிர்ப்பு அந்தப் பொருளிலிருந்தோ, மின்குமிழிலிருந்தோ, சூரியனிலிருந்தோ புறப்பட்டு வருவது. செய்திகளில் இந்த இரண்டும் கலந்துபோகும்போதுதான் அநியாயமான பயங்கள் பிறக்கின்றன. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிந்த ஒளிக்கு மட்டும் இருந்த பெயர் எப்படி இத்தனைக்கும் பொதுவானது? 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் கூடுதலாக இருந்தது. அதுதான் செந்நிறக்கீழ்க் கதிர். அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள். அடுத்த வருடம் யோகான் ரிட்டர் மறுமுனையில் தேடினார். ஊதாவுக்கு அப்பால் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைவாகக் கறுத்தது. அது கழியூதாக் கதிர், அதாவது புற ஊதா. இரண்டு வருடத்துக்குள் ஒளி என்ற சொல்லின் எல்லை இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. 1860களில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இவை எல்லாம் மின்காந்த அலைகள் என்று கணக்கில் காட்டினார். 1880களின் இறுதியில் ஹைன்ரிக் ஹேர்ட்ஸ் ஆய்வுகூடத்தில் வானொலி அலைகளை உண்டாக்கி அந்தக் கணக்கு மெய்யென்று காட்டினார். எல்லாம் ஒரே வேகம்: செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். அலையின் நீளம்தான் வேறு. எஃப்.எம். வானொலி அலை ஒன்று சுமார் 3 மீற்றர் நீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு.

பிறகு 1895 நவம்பர் 8 வந்தது. ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் கறுத்த மட்டையால் மூடிய மின்குழாயோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, தூரத்தில் இருந்த ஒரு திரை ஒளிர்ந்தது. மட்டையை ஊடுருவி வந்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கணிதத்தில் தெரியாத கணியத்துக்கு வைக்கும் எழுத்தையே பெயராக வைத்தார்: எக்ஸ். டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரிந்த அந்தப் படம் சில வாரங்களில் உலகம் சுற்றியது. பௌதிகவியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குத்தான். அவை ஒளியைவிட மிகக் குறுகிய மின்காந்த அலைகள் என்பது பின்னாளில்தான் உறுதியாயிற்று. எக்ஸ் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது.

சில மாதங்களில் பாரிஸில் இன்னொரு திருப்பம். வெயிலில் வைத்த யுரேனிய உப்பு எக்ஸ் கதிர் விடுமா என்று ஹென்றி பெக்கெரல் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் மூடியிருந்ததால் உப்பையும், கறுத்தத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தட்டையும் இலாச்சியில் வைத்துவிட்டார். 1896 மார்ச் 1இல் அந்தத் தட்டைக் கழுவிப் பார்த்தபோது, வெயில் படாமலே உப்பின் உருவம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமல் உப்பே கதிர் விட்டிருந்தது. இந்தக் குணத்துக்கு 1898இல் பெயர் வைத்தவர் மேரி கியூரி. அவரும் கணவர் பியரும் அதே வருடம் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். ரேடியம் என்ற பெயரில் பழைய இலத்தீன் ஆரக்கால் மறுபடியும் எட்டிப்பார்த்தது.

இங்கேதான் சொல்லின் அர்த்தம் பெரிதாக அகன்றது. எர்னெஸ்ட் ரதர்ஃபோர்ட் 1899இல் யுரேனியத்திலிருந்து வருபவற்றை அல்பா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்தார். மறுவருடம் போல் வில்லார் மூன்றாவது ஒன்றைக் கண்டார். அதற்குக் காமா என்று பெயர் வந்தது. மூன்றையும் கதிர் என்றுதான் அழைத்தார்கள், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது. பிறகு பார்த்தால் காமா மட்டும்தான் ஒளியின் இனம். பீட்டா வேகமாகப் பாயும் இலத்திரன். அல்பா ஹீலியம் அணுவின் கரு. ஒளியே அல்லாத துகள்களுக்கும் கதிர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப்போய்க் கண்டுபிடித்த அண்டக் கதிர்களும் அப்படியே. விண்வெளியிலிருந்து வரும் அவற்றில் பெரும்பாலானவை புரோத்தன்கள்.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். சேர் முத்து குமாரசுவாமியின் மகன். படித்தது புவிச்சரிதவியல். இலங்கையின் கனியவள அளவைக்கு முதல் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை வேலை செய்தார். சப்ரகமுவவில், பலாங்கொடைப் பக்கத்துச் சரளை மண்ணில் கிடைத்த கறுத்த, பாரமான சிறு கனசதுரக் கற்கள் 1904இல் அவர் கவனத்துக்கு வந்தன. யுரேனியக் கனியமாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினார். இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதில் பெரும்பங்கு தோரியம் என்ற இன்னொரு கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் என்று தெரிந்தது. புதிய கனியம், தோரியனைற்று என்று பெயரிட்டார்கள். அந்த இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மன் இரசாயனவியலாளர் கைக்குப் போனது. 1905இல் அதற்குள் அவர் ரேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தார். கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியில் ஹான் கால் வைத்தது அந்தப் பொருளோடுதான். அவரும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் 1938 டிசம்பரில் பேர்லினில் கண்டது யுரேனியக் கரு இரண்டாகப் பிளப்பதை. ஏழு வருடம் கழித்து, அந்தப் பிளவின் சக்தியால் வெடித்த அணுகுண்டு ஹிரோஷிமாவில். நம் பிள்ளைகள் பாடசாலையில் கியூரியைப் படிக்கிறார்கள். பலாங்கொடைக் கல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

1945க்குப் பிறகு அந்தச் சொல்லின் தொனியே மாறிவிட்டது. ஒளி வீசுவதைக் குறித்த சொல்லைக் கேட்டால் மனிதருக்குக் குண்டும் புற்றுநோயும் ஞாபகம் வரத் தொடங்கின. 1986 செர்னோபில், 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துகள் அதை இன்னும் ஆழமாக்கின. ஆகவே இன்று ஒருவர் ‘ரேடியேஷன்’ என்று சொல்லும்போது, அவர் எந்தப் பக்கத்துக் கதிர்வீச்சைச் சொல்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நடுவே ஒரு கோடு இருக்கிறது. அயனாக்கும் கதிர்வீச்சு ஒரு பக்கம், அயனாக்காதது மறுபக்கம்.

அயனாக்குவது என்றால் அணுவிலிருந்தோ மூலக்கூறிலிருந்தோ இலத்திரனைப் பிடுங்கி எறிவது. உடம்பின் கலத்துக்குள் அப்படி நடந்தால் டி.என்.ஏ. அறுந்துபோகலாம். அறுந்ததைக் கலம் பெரும்பாலும் தானே தைத்துக்கொள்ளும். பிழையாகத் தைத்துவிட்டால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். மின்காந்த அலைகள் சக்தியைச் சிறு சிறு பொதிகளாகவே கொடுக்கும். அலை குறுகக் குறுகப் பொதி பெரிதாகும். இலத்திரனைப் பிடுங்க ஒரு பொதியிலேயே போதிய சக்தி இருக்க வேண்டும். உயரக் கிளையில் தொங்கும் மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை அரிசியைப் பிடிபிடியாக வீசினாலும் காம்பு அறாது. ஒரு கல் சரியாகப் பட்டால் மாங்காய் கீழே. எக்ஸ் கதிரும் காமாவும் கல். வானொலி, கைத்தொலைபேசி, வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அரிசிமணி. கைத்தொலைபேசி அலையின் ஒரு பொதி, அயனாக்கத் தேவையான அளவைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் சிறியது.

அப்படியானால் அன்டெனாவால் ஒன்றுமே ஆகாதா? அந்த அலைகள் உடம்பில் செய்வதாக உறுதியாகத் தெரிந்தது வெப்பமாக்குவது. பாதுகாப்பு எல்லைகள் அந்த வெப்பத்துக்கு வெகு கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் வானொலி அதிர்வெண் அலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று மட்டுப்பட்டது, மேலும் ஆராய வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் அர்த்தம். அதே முகவரகம் சூரியக் கதிர்வீச்சையும் எக்ஸ் கதிரையும் காமாவையும் வைத்திருப்பது முதலாம் பிரிவில்: உறுதியாகப் புற்றுநோயை உண்டாக்குபவை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தூரம் கூடக் கூட அலையின் செறிவு வேகமாகக் குறையும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அலை கூடுதலாகக் கிடைப்பது காதோடு ஒட்டிய கைத்தொலைபேசியிலிருந்துதான். பாரத்தைத் தாங்கும் கட்டடமா, சத்தம் போடும் ஜெனரேட்டரா, இடி மின்னலுக்குக் காப்பு உண்டா என்று அன்டெனா பற்றிக் கேட்க நியாயமான கேள்விகள் வேறு பல இருக்கின்றன.

கழியூதாக் கதிர் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. நிலத்துக்கு வந்து சேரும் பகுதிக்கு இலத்திரனைப் பிடுங்கும் பலம் இல்லை. ஆனாலும் தோல் கலத்தின் டி.என்.ஏ.யை நேரடியாகத் திரிக்கும் பலம் உண்டு. பூமத்தியரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கும் கொழும்பில் சூரியன் நண்பகலில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெளிந்த நண்பகலில் கழியூதாச் சுட்டெண் 11ஐத் தாண்டும்; உலக அளவீட்டில் அது மிக உச்சப் பிரிவு. நம் தோலின் நிறமி நல்ல காப்பு, ஆனால் முழுக் காப்பு அல்ல. கண்ணுக்கு அந்தக் காப்பும் இல்லை. வெயிலில் வருடக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு வெண்புரை வருவதில் இதற்கும் பங்கு உண்டு. மதியம் பதினொரு மணிக்கும் மூன்றுக்கும் இடையில் பிள்ளைக்கு ஒரு தொப்பியும் நிழலும் கொடுப்பது பெரிய செலவு இல்லை.

மறுபக்கம், நாமே கதிர்வீசிகள். கொரோனாக் காலத்தில் கொழும்புக் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானி உங்களுக்குள் எதையும் செலுத்தவில்லை. உங்கள் உடம்பு வீசிக்கொண்டிருந்த செந்நிறக்கீழ்க் கதிரை வாங்கி அளந்தது. அவ்வளவுதான். அயனாக்கும் கதிரும் நம்மிடம் உண்டு. உடம்பில் இருக்கும் பொற்றாசியத்தில் மிகச் சிறிய பங்கு பொற்றாசியம் 40 என்ற கதிர்த்தொழிற்பாட்டு வகை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் இப்படி உடைகின்றன. மனிதன் தோன்றிய நாளிலிருந்து அப்படித்தான்.

இப்போது, கதிர்ப்பும் கதிர்த்தொழிற்பாடும் வேறு என்று மேலே சொன்னேனே, அதன் முக்கியம் வைத்தியசாலையில்தான் தெரியும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் ‘கரண்ட்’ என்று பேச்சில் சொல்லும் கதிர்ச் சிகிச்சை எடுத்துவிட்டு வரும் அம்மாவை, அப்பாவைத் தனி அறையில் வைத்து, தனிக் கோப்பையில் சாப்பாடு கொடுத்து, பேரப்பிள்ளையைக் கிட்டப் போகவிடாமல் வைக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. இதை நினைக்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும். வெளியே இருக்கும் இயந்திரத்திலிருந்து கதிரைச் செலுத்தும் சிகிச்சை நோயாளியைக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளாக மாற்றாது. இயந்திரம் நின்ற கணத்தில் கதிரும் நின்றுவிடும். அவர் உடம்பிலிருந்து மற்றவருக்கு ஒன்றும் பரவாது. தாராளமாக அணைக்கலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம், பேரப்பிள்ளையை மடியில் இருத்தலாம். எக்ஸ் கதிர்ப் படத்துக்கும் இதே விதி.

விலக்கு உண்டு, அதையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தைரொயிட் நோய்க்குக் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை வாயால் கொடுக்கும் சிகிச்சையில் மூலமே உடம்புக்குள் போகிறது. அயடீன் 131 பாதியாகக் குறைய 8 நாள் எடுக்கும். ஆகவே மருந்தின் அளவைப் பொறுத்து அந்த நோயாளியைச் சில நாள் தனியாக வைப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எத்தனை நாள் சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்வார். அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். ஒருவருக்குச் சொன்ன அறிவுரையை வேறு சிகிச்சை எடுத்த இன்னொருவர் மேல் போட்டுவிடுவதுதான் பிழை.

செர்னோபிலில் நடந்ததும் இந்த வேறுபாட்டால்தான் விளங்கும். கதிர் பட்டது மட்டுமல்ல, கதிர் விடும் பொருளே தூளாகப் பறந்து புல்லில் படிந்தது. மாடு தின்றது, பாலில் வந்தது, பிள்ளைகளின் தைரொயிட்டில் சேர்ந்தது. 30 வருடத்தில் பாதியாகும் சீசியம் 137 இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது. நேர்மாறாக, பியகமையில் கதிர்த்தொழிற்பாட்டுக் கோபாற்று 60இன் காமாக் கதிரைச் செலுத்திக் கிருமி நீக்கிய கையுறை கதிர்த்தொழிற்பாடு உடையதாக மாறாது. மைக்ரோவேவில் சூடாக்கிய இடியப்பமும் அப்படியே.

எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். அயனாக்கும் கதிர் மனித உடம்பில் செய்யக்கூடிய பாதிப்பை மில்லிசீவேட் என்ற அலகில் சொல்வார்கள். மண், கட்டடம், காற்று, உணவு, விண்வெளி எல்லாவற்றிலிருந்தும் ஒருவருக்கு இயற்கையாக வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவேட். அதில் ஏறத்தாழ பாதி, மண்ணிலிருந்து கசியும் ரேடன் வாயுவாலும் அது உடைந்து உண்டாகும் பொருள்களாலும். பேருவளைக் கடற்கரையில் தோரியம் கலந்த மொனசைற்று மணல் உள்ள இடங்களில் இந்த இயற்கை அளவு கூடும். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ் கதிர்ப் படம் 0.1 அல்லது அதற்கும் குறைவு. கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்குப் பறந்தால் அண்டக் கதிரால் சுமார் 0.05. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் 5 முதல் 10 வரை. கதிர் வேலை செய்யும் ஊழியருக்குச் சராசரியாக வருடத்துக்கு 20 என்பது சர்வதேச எல்லை. முழு உடம்புக்கும் ஒரேயடியாக 4,000, 5,000 கிடைத்தால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். 0.1க்கும் 4,000க்கும் இடையில் நாற்பதாயிரம் மடங்கு. இரண்டுக்கும் ஒரே சொல்.

நெஞ்சுப் படம் எடுக்கப் பயந்து காசநோயையோ நியூமோனியாவையோ கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. சி.டி. ஸ்கேனை மட்டும் யோசித்துக் கேட்டு எடுப்பது நல்லது, விசேஷமாகப் பிள்ளைகளுக்கு. "இது கட்டாயம் தேவையா டொக்டர், அல்ட்ராசவுண்டில் பார்க்கலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ‘ஸ்கேன்’ என்று ஒரே பெயரில் சொல்வதால் இன்னொரு குழப்பம் வருகிறது. கர்ப்பிணிக்குச் செய்யும் ஸ்கேன் ஒலி அலை, எம்.ஆர்.ஐ. காந்தமும் வானொலி அலையும். இரண்டிலும் அயனாக்கும் கதிர் கிடையாது. சி.டி.யில் உண்டு. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், படம் எடுப்பவரிடம் முதலே சொல்லிவிட வேண்டும். முன்பு எடுத்த படங்களைக் கவனமாக வைத்திருந்தால் அதே படத்தைத் திருப்பி எடுக்கும் தேவையும் குறையும்.

இதே சொல் பௌதிகவியலுக்கு வெளியேயும் நடமாடுகிறது. மாரடைப்பில் நெஞ்சுவலி இடது கைக்கும் தாடைக்கும் பரவுவதை வைத்தியர்கள் ‘ரேடியேட்’ பண்ணுகிறது என்பார்கள். அதைக் கேட்டு ஏதோ கதிர் பட்டுவிட்டது என்று பதற வேண்டாம். மாரடைப்புக்காகவே பதறி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். உயிரியலில் ஒரு மூதாதையிலிருந்து பல இனங்கள் கிளைத்துப் பரவுவதையும் ரேடியேஷன் என்றே அழைக்கிறார்கள். இலங்கையின் ஈரக்காடுகளில் வாழும் புதர்த் தவளைகள் அதற்கு உலகம் பேசும் உதாரணம். தலைப்பிரட்டை நிலையே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வரும் அவை, ஒரே வழியில் வந்து பல பத்து இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. நடுவிலிருந்து புறப்பட்டு வெளியே பரவும் ஆரக்கால் என்ற பழைய உரோமக் கருத்து, இந்த இரண்டு பயன்பாட்டிலும் கலப்பில்லாமல் இருக்கிறது.

கடைசியாக, முறைப்பாடு சொல்ல எங்கே போவது என்பதும் எந்தக் கதிர் என்பதைப் பொறுத்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், எக்ஸ் கதிர் இயந்திரங்களுக்கும் கதிர்த்தொழிற்பாட்டு மூலங்களுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிப்பது இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை. உங்கள் பகுதியில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் எக்ஸ் கதிர் அறைக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி அங்கே போக வேண்டும். தொடர்மாடி அன்டெனா அவர்கள் பொறுப்பு அல்ல. அந்தக் கையெழுத்துகளை இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், கட்டட அனுமதி சம்பந்தமாக மாநகர சபைக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் ‘ரேடியேஷன்’ என்று மட்டும் எழுதாமல், அந்த இடத்தில் வானொலி அதிர்வெண் அலையின் செறிவை அளந்து அறிக்கை தரும்படி கேளுங்கள்.